அரசாங்க அட்டையும் மெடிக்கல் கார்டும்



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் இது: அரசாங்க பென்ஷன் வாங்குகிறவருக்கு மருத்துவக் காப்புறுதி வேறு தேவையா? தேவை என்றால், எது தேவை, எவ்வளவு தேவை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏஜெண்ட் அல்ல. என் பையில் எந்தக் கம்பெனியின் பாரமும் இல்லை. நானும் உங்களைப் போல மாதம் பிறந்தால் பென்ஷன் விழுந்துவிட்டதா என்று பேங்கு கணக்கைத் திறந்து பார்க்கிறவன்தான். ஆகவே அந்தப் பக்கமும் இல்லாமல், இந்தப் பக்கமும் இல்லாமல் பேச எனக்கு வசதி இருக்கிறது.

நம்மில் பலர் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போதே காப்புறுதி வாங்கியவர்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் நெருங்கிய சொந்தம். காப்புறுதி ஏஜெண்டான அவர் மகளுக்கு இந்த மாதம் இன்னும் இரண்டு பேர் வேண்டும். "மாமா, கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." போட்டோம். அந்தப் பாலிசியில் என்ன இருக்கிறது என்று இன்று வரை திறந்து பார்த்தோமா?

பாலிசி இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஏற்கெனவே நம் கையில் இருப்பது என்ன என்று நமக்குத் தெரியுமா?

தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த மாத்திரையில் வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். அங்கிருந்து ஒரு தலைமுறை வெளியே வந்தது. ஆசிரியரானார்கள், தாதியரானார்கள், பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் சேர்ந்தார்கள், ரயில்வேயில், டெலிகாமில், மின்சார வாரியமான எல்எல்என்னில் சேர்ந்தார்கள். சம்பளம் பெரிது இல்லை. ஆனால் வீட்டில் அப்பா சொன்ன வார்த்தை என்ன? "அரசாங்க வேலை, பென்ஷன் உண்டு, ஆஸ்பத்திரி இலவசம்." அந்த மூன்றாவது வார்த்தையைப் பற்றித்தான் இன்று பேச்சு.

பென்ஷன் அட்டை வைத்திருக்கும் உங்களுக்கு அரசாங்க மருத்துவமனையில், அரசாங்க கிளினிக்கில் சிகிச்சை இலவசம். உங்கள் மனைவிக்கும், கணவருக்கும் அப்படியே. நீங்கள் கண்மூடிய பிறகு குடும்பப் பென்ஷன் வாங்கும் துணைக்கும் அந்த உரிமை தொடரும். வார்டு எந்த வகுப்பு என்பது ஓய்வு பெறும்போது இருந்த கிரேட்டைப் பொறுத்தது. அரசாங்க மருத்துவர் அனுப்பி வைத்தால் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகத்தின் கதவும் திறக்கும். இதெல்லாம் ஓரளவு எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவர் எழுதிய மருந்து ஆஸ்பத்திரி ஃபார்மசியில் இல்லை. கண் அறுவைக்கு லென்ஸ் வெளியில் வாங்க வேண்டும். காது கேட்கும் கருவி வேண்டும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையிடம் கேட்கிறோம், இல்லையென்றால் சங்கிலியை அடகு வைக்கிறோம். அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை! போராங் பெருபாத்தான் 1/09 என்று ஒரு பாரம் இருக்கிறது. இந்த மருந்து, இந்தக் கருவி இவருக்குத் தேவை, இங்கே கையிருப்பில் இல்லை என்று அரசாங்க மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூல ரசீதை இணைத்துப் பொதுச் சேவைத் துறையான ஜேபிஏவுக்கு அனுப்ப வேண்டும். பென்ஷன் பணம் வருவது ஓய்வூதிய நிதியமான கேவாப் வழியாக, மருந்துச் செலவைக் கேட்க வேண்டியது ஜேபிஏவிடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான கவுண்டரில் அரை நாள் நின்று, "கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

சிறுநீரகம் கெட்டால் செய்யும் டயாலிசிஸுக்கும் அதே வழிதான். அது நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு என்ன சொன்னது? நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையிலேயே எண்ணிப் பாருங்கள், மூன்றில் ஒருவர்! சர்க்கரை முற்றினால் அடுத்த இடம் டயாலிசிஸ் நாற்காலி. வாரம் மூன்று முறை, ஆயுள் முழுவதும். அரசாங்க மருத்துவமனையில் இடம் இல்லாமல் வெளி மையத்துக்குப் போக நேர்ந்தால், பென்ஷன்காரருக்கு அந்தச் செலவையும் ஜேபிஏ ஏற்கும் ஏற்பாடு உண்டு. இது சின்ன விஷயமா? எந்தத் தனியார் கம்பெனி எழுபது வயதில், சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தே, உங்களை இப்படி ஏற்றுக்கொள்ளும்?

ஒரு எச்சரிக்கை. உங்கள் அட்டை யார் கொடுத்தது என்று பாருங்கள். டெலிகாம் 1987-இல் கம்பெனியானது. எல்எல்என் 1990-இல் தெனாகா நேஷனல் ஆனது. ரயில்வே 1992-இல் கேடிஎம் பெர்ஹாட் ஆனது. அப்போது அரசாங்கப் பென்ஷனிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், கம்பெனித் திட்டத்துக்கு, ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்புக்கு மாறியவர்கள் இன்னொரு பக்கம். ஒரே டிப்போவில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு நண்பர்களுக்கு இன்று மருத்துவ உரிமை ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பென்ஷனே இல்லாதவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களையும் அரசாங்க மருத்துவமனை கைவிடவில்லை. வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு ஐந்து வெள்ளி என்பதுதான் நாம் அறிந்த கணக்கு. 60 வயது தாண்டியவருக்கு அந்த வெளிநோயாளிப் பதிவுக் கட்டணமும் தள்ளுபடி, மூன்றாம் வகுப்பு வார்டில் பாதிக் கட்டணம். அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவி வாங்கும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பெகா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. போய்ச் செய்துகொள்ளுங்கள்.

சரி, இவ்வளவும் இருக்கிறதே, பிறகு எதற்குக் காப்புறுதி?

ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு நான் விடை சொல்ல வேண்டியதில்லை. போருக்கு முன்பே கட்டிய கட்டடம். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் காருக்கு இடம். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் எண் எடுத்து உட்கார்ந்தால், கொண்டுபோன தெர்மோஸில் காப்பி தீர்ந்துவிடும், எண் வராது. மருத்துவர்கள் கெட்டிக்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலைக்கு மேல் வேலை. உயிர் போகிற நோய் என்றால் உடனே பார்ப்பார்கள். ஆனால் மூட்டு வலி? கண்புரை? ஸ்கேன் தேதி? அதற்கு வரிசை உண்டு. அந்த வரிசையில் நிற்க முடியாதவர்தான் தனியார் மருத்துவமனையின் வாசலைப் பார்க்கிறார். தூரத்தில் இல்லை. கேபிஜே குழுமத்தின் முதல் மருத்துவமனையே 1981-இல் நம் ஜொகூர் பாருவில்தான் தொடங்கியது. இன்று மேடினியிலிருந்து மாசாய் வரை தனியார் மருத்துவமனைகள்தான்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பெரும்பாலோர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகக் கேளுங்கள். அமெரிக்காவில் 65 வயது ஆனவருக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்புறுதி. அந்த அட்டையோடு அவர் தனியார் மருத்துவரிடமே போகலாம். மருத்துவர் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு கட்டும், மீதி 20 விழுக்காடு அவர் தலையில். அந்த மீதியைக் கட்டுவதற்கென்றே துணைக் காப்புறுதி விற்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படைத் திட்டம் 2015-இலிருந்து எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. அதன் மேலேயே தனியார் திட்டத்தை ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம். அங்கெல்லாம் கீழ்த்தளம் அரசு, மாடி தனியார், வீடு ஒன்று.

நம் நாட்டில் அப்படி இல்லை! இங்கே இரண்டு வீடு. பென்ஷன் அட்டை அரசாங்க மருத்துவமனையில் செல்லும். தனியார் மருத்துவமனைப் பில்லில் பாதியை ஜேபிஏ கட்டும், மீதியைக் காப்புறுதிக் கம்பெனி தரும் மெடிக்கல் கார்டு கட்டும் என்று நினைக்காதீர்கள். அரசாங்க மருத்துவர் அனுப்பாமல் நீங்களாகவே தனியார் வாசலில் நுழைந்துவிட்டால் பில் முழுவதும் உங்களுடையது, அல்லது உங்கள் காப்புறுதிக் கம்பெனியுடையது. ஆகவே நமக்குக் காப்புறுதி என்பது அரசாங்கம் விட்ட குறையை அடைக்கும் ஒட்டு அல்ல. காத்திருக்காமல் இருப்பதற்கும், மருத்துவரை நாமே தேர்ந்தெடுப்பதற்கும், தனி அறைக்கும் நாம் கொடுக்கும் விலை. அந்த விலை நம் பென்ஷனுக்குத் தாங்குமா? அதுதான் கேள்வி, அது ஒன்றுதான் கேள்வி.

தாங்குமா என்று கணக்குப் போடுவோமா? மாதம் 2,500 வெள்ளி பென்ஷன் என்று வையுங்கள். பிரீமியம் 400. பென்ஷனில் 16 விழுக்காடு. பரவாயில்லை என்கிறீர்கள். பிரீமியம் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறுகிறது, பென்ஷன் ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு ஏறுகிறது என்று வையுங்கள். பத்து ஆண்டு கழித்துப் பிரீமியம் 1,037 வெள்ளி. பென்ஷன் 3,047. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! அப்போது உங்களுக்கு வயது என்ன? எழுபது, எழுபத்தைந்து. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வயது வரும்போது கட்ட முடியாமல் பாலிசியை விடுகிறோம். இருபது ஆண்டு கட்டியவர், தேவைப்படும் ஆண்டில் வெறுங்கையோடு நிற்கிறார். இதைவிடக் கொடுமை உண்டா?

இது கற்பனை என்று நினைப்பவர்கள் 2024-ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பிரீமியம் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறப்போகிறது என்று செய்தி வந்தது. வீடு வீடாகக் கடிதம் வந்தது. நாடே கொதித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. ஏற்றத்தை 2026 இறுதி வரை, குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடு என்றது. 60 வயது தாண்டி, கம்பெனியின் ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்பவருக்கு ஓராண்டு ஏற்றத்தையே நிறுத்தி வை என்றது. நல்லது. ஆனால் கவனியுங்கள். பிரித்துப் போடச் சொன்னார்கள், ஏற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஏன்? 2021 முதல் 2023 வரை மூன்றே ஆண்டில் கம்பெனிகள் கொடுத்த கிளெய்ம் செலவு மொத்தமாக 56 விழுக்காடு ஏறியிருக்கிறது என்று பேங்க் நெகாராவே சொன்னது. பில் ஏறினால் பிரீமியம் ஏறும். பில்லைக் கட்டுப்படுத்தாமல் பிரீமியத்தை மட்டும் பிடித்து நிறுத்த எந்தப் பேங்காலும் முடியாது. எல்லோரும் வாங்கக்கூடிய ஓர் அடிப்படைத் திட்டத்தை அரசாங்கம் தயார் செய்து வருகிறது. வரட்டும், வந்த பிறகு விலையைப் பார்த்துப் பேசுவோம்.

இனி ஆளுக்கு ஆள் பார்ப்போம். ஒரே மருந்து எல்லோருக்கும் ஆகாது.

குளுவாங்கில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதில் எடுத்த மெடிக்கல் கார்டு, இன்று வரை தவறாமல் கட்டுகிறார். ஏற்றக் கடிதம் வந்ததும் கோபம். "நிறுத்திவிடப் போகிறேன், வேறு கம்பெனியில் மலிவாகத் தருகிறார்கள்." அம்மா, அவசரப்படாதீர்கள்! புதுப் பாலிசி எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. முதல் 30 நாள், விபத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இருதயம், கட்டி, கல், குடலிறக்கம் போன்றவற்றுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். அதுவும் முன்பே இருந்த நோய் என்றால் காத்திருந்தும் பயனில்லை, அடியோடு விலக்கு. நாற்பது வயதில் ஆரோக்கியமாக வாங்கிய அட்டைக்கு இருக்கும் மதிப்பு அறுபத்தைந்தில் வாங்கும் அட்டைக்கு வராது. அவர் கேட்க வேண்டியது வேறு: இதே கம்பெனியில் பில்லில் ஒரு பகுதியை நானே கட்டிக்கொள்ளும் திட்டத்துக்கு மாறலாமா? 2024 செப்டம்பர் முதல் அப்படிப்பட்ட திட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனிகளுக்கு விதி. பில்லில் ஐந்து விழுக்காடு, அல்லது முதல் 500 வெள்ளி உங்கள் பங்கு என்று தொடங்கும். அவசரச் சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனையில் பார்த்ததற்கும் அந்தப் பங்கு கட்ட வேண்டாம். பென்ஷன்காரருக்கு இது பொருந்தி வருகிற சட்டை என்பது என் கருத்து. சின்ன நோய்க்கு அரசாங்க மருத்துவமனை இருக்கிறதே! உங்கள் பங்கை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு பிரீமியம் இறங்கும். பெரிய பில்லுக்கு மட்டும் கார்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் மாசாயில் இருக்கிறார். வயது 66, பென்ஷன் உண்டு, சர்க்கரை உண்டு, காப்புறுதி எதுவும் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை. "அப்பாவுக்கு ஒரு மெடிக்கல் கார்டு எடுத்துவிடுகிறேன்" என்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் நான் வேண்டாம் என்பேன். அவருக்கு வரக்கூடிய நோயெல்லாம் சர்க்கரையோடு உறவுள்ள நோய். அதை விலக்கிவிட்டு மீதிக்குப் பிரீமியம் கட்டி என்ன பயன்? அதே பணத்தை மாதாமாதம் அப்பா பெயரில் தனிக் கணக்கில் போடட்டும். மாதம் 400 என்றால் ஐந்து ஆண்டில் 24,000 வெள்ளி. ஒரு ஸ்கேனைச் சீக்கிரம் எடுக்கவும், ஒரு கண்ணைக் காத்திருக்காமல் அறுவை செய்யவும் அந்தப் பணம் கை கொடுக்கும். மற்றதற்கு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை பாண்டானில் இருக்கிறது, பென்ஷன் அட்டை பாக்கெட்டில் இருக்கிறது. இந்த நாட்டில் வருமான வரி கட்டும் பிள்ளைக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. மருத்துவக் காப்புறுதிக் கழிவோ தனக்கும் மனைவி மக்களுக்கும்தான், அப்பாவுக்குக் கட்டும் பிரீமியத்துக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று ரொக்கம் தரும் திட்டமும் இருக்கிறது. அரசாங்க வார்டில் படுத்தாலும் பணம் உங்கள் கைக்கு வரும். பழைய மெடிக்கல் கார்டுகள் பலவற்றிலேயே அரசாங்க மருத்துவமனைக்கென்று நாள்படி ஒன்று எழுதியிருக்கும். எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்? இலவச வார்டில் ஒரு வாரம் படுத்து வந்து, "பில்தான் இல்லையே, எதற்குக் கிளெய்ம்?" என்று சும்மா இருந்துவிடுகிறோம். டிஸ்சார்ஜ் கடிதத்தைப் பத்திரமாக வைத்துப் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

இனி, கையெழுத்து. பாரத்தில் கேள்வி இருக்கும்: சர்க்கரை, கொதிப்பு, இருதயம், இதில் ஏதாவது உண்டா? ஏஜெண்ட் பேனாவை வைத்துக்கொண்டு, "மாத்திரை ஒன்றுதானே போடுகிறீர்கள், இல்லை என்றே போட்டுவிடலாம்" என்பார். டிக் அவருடையது, கையெழுத்து உங்களுடையது! 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு அக்கறையோடு உண்மையான பதில் சொல்வது வாங்குகிறவரின் கடமை. நாளை இருபதாயிரம் வெள்ளிப் பில் வரும்போது கம்பெனி, நீங்கள் போகும் அரசாங்க கிளினிக்கின் பதிவேட்டைக் கேட்கும். அதில் எந்த ஆண்டு, எந்த மாதம் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கியது என்று இருக்கும். ஏஜெண்ட் அன்றைக்கு வேறு கம்பெனியில் இருப்பார்.

பாலிசி கைக்கு வந்தபின் 15 நாள் உங்களுக்கு உண்டு. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 15 நாளில் வீட்டில் ஆங்கிலமோ மலாயோ நன்றாகப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வயது வரை புதுப்பிப்பார்கள்? அறை வாடகை நாளுக்கு எவ்வளவு? அட்டையில் 150 வெள்ளி என்று இருக்க 300 வெள்ளி அறையில் படுத்தால் வித்தியாசம் நம் பையிலிருந்து போகும். சில பாலிசியில் அதற்குத் தண்டமாக மொத்தப் பில்லிலும் ஒரு பங்கு பிடிப்பார்கள். கடைசிப் பக்கங்களில் வயதுவாரியாக ஒரு பிரீமியப் பட்டியல் இருக்கும். 61-லிருந்து 65, 66-லிருந்து 70, 71-லிருந்து 75. விரலை அந்த வரிசையில் கீழே கொண்டுபோங்கள். எழுபத்தைந்துக்கு நேரே இருக்கும் எண்ணைக் கட்ட முடியுமா? அதிலும் அந்த எண் இன்றைய விலை. அன்றைக்கு அதுவும் ஏறியிருக்கும்.

கம்பெனி மறுத்துவிட்டால் அழுதுகொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். கம்பெனியின் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர் மன்றத்துக்கு, அதாவது எஃப்எம்ஓஎஸ்ஸுக்கு எழுதுங்கள். 2025 ஜனவரி முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. வக்கீல் வேண்டாம், பயனீட்டாளருக்குக் கட்டணமும் இல்லை.

வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சொல். 2024 பிப்ரவரி முதல் அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நம் பழைய பென்ஷன் இல்லை, ஈபிஎஃப்தான். அப்பாவுக்கு அறுபது வயதில் கிடைத்தது எனக்கும் கிடைக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். காப்புறுதி வாங்க வேண்டியவர்கள் உண்மையில் நீங்கள்தான், அதுவும் சர்க்கரை வருவதற்கு முன்னால். அரசாங்க வேலையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பெயரில் உங்கள் பெற்றோருக்கும் அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைச் சலுகை உண்டு. இன்னும் கேட்காமல் இருந்தால் திங்கட்கிழமையே அலுவலகத்தில் கேளுங்கள்.

பெரியவர்களே, உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. வெளியே மேசையில் போராங் பெருபாத்தான் நகல் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் பாலிசியை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். புதுப் பாலிசிக்கு யாராவது கையெழுத்துக் கேட்டால், அந்தக் கூட்டம் முடியும் வரை போடாதீர்கள்.